பட்டியலில் இல்லாத ஏழாவது வீடு

கல்யாண மண்டபத்தில் துக்க முகாம் நடத்தலாம் என்று முடிவுசெய்த புத்திசாலி யார் என்று செந்தாமரைக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஆளை நேரில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பாள். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குருந்தனேந்தலில் குறைவு.

ஊர் ஒன்றும் பெரிய ஊர் இல்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் பஸ்ஸில் வந்து இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கண்மாய்க்கரை தெரியும். கரைக்குக் கீழே நூற்றிருபது வீடு. போன கார்த்திகையில் விடாமல் ஒன்பது நாள் மழை பெய்து பத்தாம் நாள் வெயில் அடித்தது. வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்த செடிகொடிகளை வெட்டியெடுக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் கூலிக்கு ஆள் கேட்டார். பெண்கள் ஆறு பேர் அரிவாளும் மண்வெட்டியுமாக வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். காலை பத்தரை மணிக்குக் கரை உடைந்தது. ஆறு பேரில் ஒருத்தியும் பிழைக்கவில்லை.

பிறகு கார்கள் வந்தன, கேமராக்கள் வந்தன, மாலைகள் வந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததோ இல்லையோ, ஊர் காலியாகிவிட்டது. முப்பத்தேழாம் நாள்தான் ‘மறுவாழ்வு மனநலத் திட்டம்’ என்று எழுதிய ஒரு வேன் வந்தது. வந்தவர்கள் ஊர் எல்லையில் இருந்த கல்யாண மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டு, பேனர் கட்டி, மைக் வைத்துக் காத்திருந்தார்கள்.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கல்யாண மண்டபத்துப் படியை மிதிக்க மாட்டார்கள். இது குருந்தனேந்தலில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வேனில் வந்தவர்களுக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை, ஊரில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கடைசியாக நடந்த கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம்கூட வாசலில் அவிழ்க்காமல் நின்றது. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு அண்டா கேசரி வேறு கிண்டி வைத்திருந்தார்கள். தாயைப் பறிகொடுத்து முப்பத்தேழு நாள் ஆனவளுக்குக் கேசரி! அந்தப் பக்கம் சைக்கிளில் போன செந்தாமரை வாழைமரத்தையும் அண்டாவையும் பார்த்துவிட்டு, வாய்க்குள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பகல் இரண்டு மணிவரை ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘முகாமிற்கு எவரும் வருகை தராததால், இக்கிராமத்தில் உளவியல் ஆதரவு தேவைப்படுவோர் எவரும் இல்லை எனக் கண்டறியப்பட்டது.’ செந்தாமரை அதை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கே காரைக்குடிக்கு பஸ் ஏறி அந்தத் திட்டத்தின் ஆபீசுக்குப் போனாள். அங்கே ஆலோசகர் என்ற பலகைக்குப் பின்னால் சத்தியமூர்த்தி என்பவர் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வந்த வேனில் முன் சீட்டில் இருந்தவர் அவர்தான்.

“ஏன் சார், மண்டபத்துக்கு வரலைன்னா துக்கமே இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டீகளாக்கும்? ஒவ்வொரு வீட்டுலயும் அடுப்புல ஒலை வச்சு வாரக்கணக்காச்சு. போயிப் பாத்தீகளா?”

“வீடு வீடாப் போறதுக்கு எங்ககிட்ட ஆள் இல்லம்மா.”

“நான் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். வாங்க, கூட்டிட்டுப் போறேன்.”

சத்தியமூர்த்தி பேனாவை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு? பயிற்சி எடுத்திருக்கீங்களா? சான்றிதழ் ஏதாவது இருக்கா? இல்லாம இந்த மாதிரி வீடுகளுக்குப் போய் எதையாவது பேசி வச்சீங்கன்னா விபரீதமாயிடும்.”

பயிற்சி. செந்தாமரையின் பயிற்சி இருபத்தோரு வருஷத்துக்கு முந்தியது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில், புருஷன் தோளில் மகளை ஏற்றிக்கொண்டு அலையைக் காட்டிக்கொண்டிருந்தான். மகளுக்கு மொட்டை போட்ட தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. செந்தாமரை செருப்பை எடுக்கத் திரும்பி நடந்தாள். அந்த இருபது அடிதான் அவள் உயிரோடு இருப்பதற்குக் காரணம். புருஷன் உடம்பு மூன்றாம் நாள் கிடைத்தது. மகள் கிடைக்கவே இல்லை. பத்தொன்பது நாள் நாகப்பட்டினத்து சுனாமி முகாமில் கிடந்தாள். வந்தவர் போனவர் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான், எத்தனை பேர் போனார்கள் என்று. ஒருத்தி மட்டும் அதைக் கேட்கவில்லை. அமலோற்பவம் என்ற மீனவப் பெண். அவளும் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். நிவாரணமாக மூட்டை மூட்டையாக வந்த பழைய ரவிக்கைகள் ஒருவருக்கும் பொருந்தவில்லை. அமலோற்பவம் ஒரு ஊசியை செந்தாமரை கையில் திணித்து, “இத ரெண்டு பக்கமும் புடிச்சுத் தச்சுக் குடு” என்றாள். பத்தொன்பது நாளும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊரான் ரவிக்கைகளைத் தைத்தார்கள். செந்தாமரை சாகாமல் ஊர் திரும்பியதும், தையல்காரி ஆனதும் அப்படித்தான். இதற்கெல்லாம் யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

ஆனால் அதை அவள் சத்தியமூர்த்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் படிவத்தில் எழுதிக்கொள்வார் என்று தோன்றியது. “விபரீதம் ஆகாமப் பாத்துக்குறேன் சார்” என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஊர் வழக்கத்திலும் ஒரு கோளாறு இருந்தது. பதினாறு நாளும் சனம் வந்து கட்டிக்கொண்டு அழும். பதினாறு கழிந்துவிட்டால் ஒரு பயல் வரமாட்டான். அதற்கப்புறம் துக்கம் கேட்கப் போவது அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. பதினேழாம் நாளிலிருந்துதான் வீடு வெறிச்சென்று ஆகும், சட்டியில் ஒரு ஆள் சோறு மிஞ்சும் என்பது கணக்குப் போட்டவர்களுக்கு ஏனோ தெரியவில்லை.

அதனால் செந்தாமரை துக்கம் கேட்கப் போகவில்லை, துணி கேட்கப் போனாள். “கிழிஞ்சது இருந்தாக் குடுங்க, சும்மாதானே இருக்கேன்” என்று வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் மெஷின் இருந்தும் கையால்தான் தைப்பாள், நேரம் ஆகவேண்டும் என்பதற்காக. அவள் கண் ஊசியில் இருக்கும். தன் முகத்தைப் பார்க்காதவளிடம் மனிதர்களுக்குப் பேச்சு எளிதாக வந்துவிடுகிறது. முதல் நாள் வெறும் சட்டைப் பொத்தான் வரும். நாலாம் நாள் செத்தவளின் ரவிக்கை வரும். ரவிக்கை வந்துவிட்டால் அழுகையும் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தூக்கம் வராதவர்களை, சாப்பாடு இறங்காதவர்களை, பேச்சே நின்றுபோனவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அவளே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். தையல் ஊசி செய்கிற வேலை ஒன்று, மாத்திரை செய்கிற வேலை ஒன்று என்பதில் அவளுக்குக் குழப்பம் கிடையாது.

ஆறு வீட்டுக்கும் போனாள். செத்துப்போன ஆறு பேரில் ஒருத்தியான ஆயியின் வீட்டில்தான் அதிக நாள் இருந்தாள். ஆயி அவளுடைய சிநேகிதி. ஆயியின் மகள் யோகலட்சுமிக்கு இருபத்துநாலு வயது, தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அம்மா செத்ததிலிருந்து வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த பெண்ணை, இரண்டு மாதத்தில் மறுபடி பஸ் ஏறவைத்தது செந்தாமரைதான்.

ஏழாவது வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை.

ஏழாவது வீடு சேவுகப்பெருமாளுடையது. கண்மாய் மடையைத் திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சி அவர், ஐம்பத்தெட்டு வயது. அன்றைக்குக் காலையில் கரைமேல் நின்றவர் அவர்தான். வாய்க்காலுக்குள் இறங்குமுன் ஆயி அண்ணாந்து பார்த்து, “அண்ணே, எறங்கலாமா?” என்று கேட்டிருக்கிறாள். “எறங்குங்க ஆத்தா, ஒண்ணும் ஆகாது” என்று சொன்னவர் அவர். அக்கரை வயலில் நின்ற பத்துப் பேர் காதால் கேட்டது அது. போதாதா? ஊர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. மடைச் சாவியைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் சாவு விழவில்லை என்பதால் துக்கம் கேட்கவும் எவரும் போகவில்லை. திட்டத்தின் பட்டியலில் இறந்தவர் குடும்பம், காயம்பட்டவர் என்று இரண்டு பத்திதான். அவர் இரண்டிலும் இல்லை. ஊரார்தான் அப்படி என்றால், செந்தாமரையும் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை அழுத்தி மிதித்தாள். சிநேகிதியை இறங்கச் சொன்ன வாய் இருக்கிற வீடு அது என்று நினைத்தாள்.

தை மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் சேவுகப்பெருமாளின் மனைவி மலையம்மாள், ஒரு வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செந்தாமரை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“எல்லா வீட்டுக்கும் வந்தியாமே, எங்க வீட்டுக்கு ஏன் தாயி வரலை? எங்க வீட்டுலயும் கிழிஞ்சதுதான் கெடக்கு.”

செந்தாமரை சட்டையை வாங்கிப் பார்த்தாள். எங்கும் கிழியவில்லை.

“அவரு சோறு தின்னு நாளாச்சு. பூச்சிமருந்து பாட்டில வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. நான் கண்டுபிடிச்சு எடுத்துக் குழிதோண்டிப் பொதைச்சிட்டேன். நான் எத்தன தடவ எடுப்பேன்? நான் தூங்க மாட்டனா?” மலையம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். “இந்தா, நீ படிச்சவ. இதப் பாரு.”

பைக்குள் மூன்று ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ‘கண்மாய் வடக்குக் கரையில் ஊற்று கிளம்பி நீர் கசிகிறது, மழைக்கு முன் சரிசெய்ய வேண்டுகிறேன்’ என்று சேவுகப்பெருமாள் கொடுத்த மனுக்களுக்கு, கண்மாயைப் பராமரிக்கிற அரசு ஆபீஸ் முத்திரை போட்டுக் கொடுத்த சீட்டுகள். “அன்னைக்குக் காலையிலயும் அந்த ஆபீசுக்குப் போன் போட்டாரு. எஞ்சினியரு வந்து பாத்துட்டுப் போயிட்டாக, பயமில்ல, வேலையத் தொடங்கச் சொல்லுன்னாகளாம். ஒரு எஞ்சினியரும் வரல தாயி. வந்திருந்தா வண்டித் தடமாச்சும் இருக்குமில்ல?”

செந்தாமரைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முத்திரை போட்ட ஆபீஸ் சௌக்கியமாக இருக்கிறது, மின்விசிறியின் கீழே. பொய் சொன்ன வாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதை நம்பிய மனிதன் வைக்கப்போரில் விஷத்தை ஒளித்து வைக்கிறான். கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. வேனில் வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து ஒதுக்கினார்கள். அவள் பட்டியல் எதுவும் இல்லாமலே ஒதுக்கியிருக்கிறாள். “மதினி, என்னைய நாலு அறை அறைஞ்சிருங்க” என்று மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே போனாள். சேவுகப்பெருமாள் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து அந்த நல்ல சட்டையின் பொத்தான்களைப் பிய்த்துப் பிய்த்துத் தைத்தாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள். மனிதர் திரும்பவே இல்லை. ஊசி இந்த வீட்டில் வேலை செய்யாது என்று அவளுக்குப் புரிந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவள் தான் இல்லை, ஆயியின் மகள்.

ஞாயிற்றுக்கிழமை யோகலட்சுமியிடம் பேச்சை எடுத்தாள். பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைத் தூக்கி எறிந்தாள்.

“எங்காத்தாவ எறங்கச் சொன்ன ஆளு வீட்டுக்கு என்னையப் போகச் சொல்றீகளா அத்தை? நல்லா இருக்கு ஒங்க நியாயம்!”

“நானும் இப்பிடித்தான் இருந்தேன், நேத்து முந்தாநாள் வரைக்கும். இதப் படிச்சுட்டு என்னையத் திட்டு.”

யோகலட்சுமி மூன்று சீட்டையும் படித்தாள். தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆவணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுவது போலிருந்தது. “மூணு மாசமாத் தெரிஞ்சிருக்கு அவுகளுக்கு” என்றாள். செந்தாமரை வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் சேவுகப்பெருமாள் வீட்டில் மலையம்மாளும் செந்தாமரையும் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யோகலட்சுமி வந்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஏதோ சண்டைக்குத்தான் போகிறாள் என்று இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். அவள் நேரே உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, எங்காத்தா சாவுக்கு ஏன் நீங்க வரலை?”

சுவரைப் பார்த்துக் கிடந்த உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. குரல் சுவர்ப்பக்கமிருந்தே வந்தது. “வந்தேன் ஆத்தா. கிட்ட வரவிடல. தூக்கிட்டுப் போகையில வாய்க்காமேட்டுல ஒதுங்கி நின்னு கும்பிட்டேன்.”

“எறங்குங்கன்னு சொன்னீகளாமே?”

“சொன்னேன். ஆபீசுல பயமில்லைன்னாக, நம்புனேன். நம்புனது எந்தப்பு. எங்கண்ணால ஊத்தப் பாத்தேனே, எங்கண்ண நம்பாம அவுக போன நம்புனேனே...”

பிறகு அவர் அழுதார். அந்த அழுகை எட்டு வீட்டுக்குக் கேட்டது. யோகலட்சுமியும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் சண்டை பார்க்க வந்தவர்கள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சீட்டு விஷயம் பரவி, மறுநாள் மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். பதினாறு கழிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாஸ்திரம் பேச எவருக்கும் வாய் வரவில்லை. இறந்தவர்களின் புருஷன்மார் ஒவ்வொருவராக இரண்டு கையையும் நீட்ட, சேவுகப்பெருமாள் தொட்டு வாங்கிக்கொண்டார். சாவு வீட்டில் ஆண்கள் துக்கம் கேட்பது அப்படித்தான். அன்று ராத்திரி அவர் அரைத் தட்டுக் கஞ்சி குடித்தார் என்று மலையம்மாள் விடிந்ததும் ஓடிவந்து சொன்னாள்.

அரைத் தட்டுக் கஞ்சியோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற ஆள் இல்லை செந்தாமரை. அடுத்த திங்கட்கிழமை சேவுகப்பெருமாளை மலையம்மாளோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மனநல டாக்டரைப் பார்க்கிற வரிசையில் உட்காரச் சொன்னாள். தான் ஆறு வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு திட்டத்தின் ஆபீசுக்குப் போனாள். மனுவில் இரண்டே விஷயம். வீடு தேடி வாருங்கள் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேவுகப்பெருமாள் பேரைச் சேருங்கள் என்பது இன்னொன்று. கூடவே மூன்று சீட்டுகளின் நகல்கள். கீழே ஆறு வீட்டுக் கையெழுத்தும் கைநாட்டும்.

சத்தியமூர்த்தி அதை வாங்கித் தன் மேலதிகாரியான ஒரு அம்மாளிடம் கொண்டுபோனார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். சீட்டுகளின் நகல்களை மட்டும் ஒதுக்கி, “இது எங்க துறை இல்ல” என்று திருப்பி நீட்டினார்.

“தெரியும். அதுக்குண்டான எடத்துக்கு நாளைக்குப் போறோம்” என்றாள் செந்தாமரை. “ஒங்க எடத்து வேலைய நீங்க பாருங்க.”

“வீட்டுக்கு வர்றதுக்கு ஏற்பாடு பண்ணலாம். ஆனா இந்தப் பேரு...” அதிகாரி தாளின்மேல் விரலை வைத்தார். “இவரு வீட்டுல இறப்பு எதுவும் இல்லையே. காயமும் இல்ல. என்ன காரணம்னு பட்டியல்ல சேர்க்கிறது?”

செந்தாமரை வாயைத் திறந்தாள். அதற்குள் யோகலட்சுமி முன்னால் வந்துவிட்டாள். ஜவுளிக்கடையில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று பழக்கியிருந்த பெண். அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் கடைசி அறைவரை அவள் குரல் கேட்டது.

“எங்காத்தா செத்தப்பெறகுதான எங்க வீட்டுப் பேர எழுதுனீக? இந்த மனுசனும் செத்தாத்தான் எழுதுவீகளா? அவரு உசுரோட இருக்காரு. இருக்கையிலயே எழுதுங்க!”

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. யோகலட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு நாற்காலியைத் தேடி எடுத்து உட்கார்ந்தார்கள்.